ஏ போட்ட அடாப்ட்

விஜயராணி பதினொரு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள். ட்யூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்துப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு திருப்பூருக்கு வந்தவள், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்த மேஜையில் நின்றபடியே தபாலில் பி.காம். முடித்தாள். முப்பத்து மூன்றாவது வயதில் அவளை மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கு மாற்றினார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுத வேண்டும். அவர்கள் கேட்பதைப் பேட்டர்ன் ரூமுக்கும் தையல் பிரிவுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை, ஏஸி உண்டு.

முதல் மாதமே மானம் போயிற்று. 'துணி இந்த வாரம் வராவிட்டால் கப்பலைத் தவறவிடுவோம்' என்று எழுத நினைத்தவள், லூஸ் என்ற வார்த்தைக்கு ஒரு ஓ கூடுதலாகப் போட்டுவிட்டாள். இழப்பதற்கு ஒரு ஓ; அவிழ்த்துவிடுவதற்கு இரண்டு. கப்பலை அவிழ்த்துவிடுவோம் என்று ஜெர்மனிக்கு மெயில் போனது. அப்போதிருந்த மேனேஜர் அதை நின்றுகொண்டு உரக்க வாசித்தார். ரூமில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு மாதம் அவளுக்கு 'லூஸ் அக்கா' என்று பேர்.

வேறொருத்தியாக இருந்தால் மேஜைக்கே திரும்பிப் போயிருப்பாள். விஜயராணிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குறை கண்டுபிடிக்க எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இங்கிலீஷ் வார்த்தைகளையும் விளக்கடியில் விரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். காதுக்கு ஒன்றுபோலக் கேட்டு, காகிதத்தில் வேறாக இருக்கிற வினைச்சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை என்று கண்டுகொண்டாள். தைப்பதும் ஸோ, விதைப்பதும் ஸோ. சாயம் முக்குவதும் டை, செத்துப்போவதும் டை. மங்கலம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையின் போர்டில் இத்தனை வருஷமாக இங்கிலீஷில் 'சாகும் பட்டறை' என்று பெயிண்ட் அடித்திருந்ததை ஒருநாள் பஸ்ஸிலிருந்து வாசித்துவிட்டு, தனியாகச் சிரித்து, பக்கத்தில் இருந்தவரிடம் முறைப்பு வாங்கினாள். ஏற்றுக்கொள்வது ஓர் எழுத்தில் ஆரம்பிக்கிறது. விலக்கிவைப்பது வேறோர் எழுத்தில் ஆரம்பிக்கிறது. சொல்லும்போது இரண்டும் எக்ஸெப்ட்தான். நான்கு வருஷத்தில் அந்தப் பிரிவில் அவள் மெயிலில் மட்டும்தான் எழுத்துப்பிழை வராது என்று ஆகிவிட்டது. ஆனாலும் பேசும்போது அவள் நாக்கில் சாத்தான்குளம் இருந்தது. அதனால் யாரும் அவளை இங்கிலீஷ் தெரிந்தவளாக எண்ணவில்லை.

கம்பெனி சுப்பண்ணனுடையது. சேவூரில் தோட்டம் வைத்திருந்து, நான்கு தையல் மெஷினில் ஆரம்பித்து, இன்று எண்ணூறு பேருக்கு வேலை கொடுக்கிறவர். அவருடைய ஒரே மகன் ரித்தீஷ், இங்கிலாந்தில் மூன்று வருஷம் படித்துவிட்டுப் போன தீபாவளிக்குத் திரும்பி வந்து, மெர்ச்சண்டைசிங்கின் தலைவராக உட்கார்ந்தான். கெட்டவன் இல்லை. எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவான். ஆனால் தெரியாது என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வராது. அப்பா அவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்திருக்கிறார் என்ற பயம் அவனுக்கு உள்ளுக்குள் இருந்திருக்கும்.

டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் என்ற பையர் அம்மா வீடியோவில் பேசிய நாளில்தான் வினை ஆரம்பித்தது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளுக்கான முழுக்கைச் சட்டை. போன வருஷமும் இதே சட்டையை இவர்கள்தான் தைத்துக் கொடுத்தார்கள். அப்போது ரப்பர் மாதிரி இழுபடும் ரிப் துணி. இந்த வருஷம் குளிருக்குத் தடிமனான ஃபிளீஸ். வீடியோவில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. கிர்ஸ்டன், போன வருஷப் பேட்டர்னை எடுத்து அடாப்ட் செய்யுங்கள் என்றாள். அடுத்து நிறம் பற்றிப் பேசப் போய்விட்டாள்.

பேசி முடித்ததும் விஜயராணி குறிப்பை டைப் செய்து ரித்தீஷுக்கு மெயிலில் அனுப்பினாள். adapt என்று, நடுவில் ஏ போட்டு எழுதியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவனே அவள் மேஜைக்கு வந்தான்.

"அக்கா, ஸ்பெல்லிங் மிஸ்டேக்குங்க. அடாப்ட்டுக்கு ஓ வரும். நான் மாத்தி பேட்டர்ன் ரூமுக்கு அனுப்பிட்டேன்."

அவள் எழுந்து நின்றாள். "சார், ஓ போட்டா வேற அர்த்தம். ஓ போட்டா அப்படியே எடுத்துக்கோன்னு ஆயிரும். ஏ போட்டாத்தான் புதுசுக்குத் தக்கன மாத்திக்கோன்னு அர்த்தம்."

"அவங்க அப்படியே எடுத்துக்கச் சொல்லித்தானுங்க சொன்னாங்க. போன வருஷத்து ஸ்டைல்தானே?"

"காதுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்கும் சார். ஆனா துணி மாறியிருக்குல்லா? ஃபிளீஸ் இழுபடாதே. பழைய கழுத்தைப் போட்டா புள்ள தலை எப்படி நுழையும்? ஒரு மெயில் போட்டுக் கேட்டிருவோமா?"

ரித்தீஷ் சிரித்தான். ஏளனமாக இல்லை, பொறுமையாகச் சிரித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது. "மூணு வருசம் இங்கிலாந்துலயே இருந்துட்டு வந்தவனுங்க்கா நானு. ஒரு வார்த்தைக்கு ஸ்பெல்லிங் கேட்டு மெயில் போட்டா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? ரிப்பீட் ஆர்டர்னு சேம்பிள்கூட வேண்டாம்னு சொல்லிட்டேன். விடுங்க."

அவள் விட்டுவிட்டாள். பின்னால் அவள் தன்னை மன்னிக்காதது அதற்குத்தான். பேட்டர்ன் ரூமுக்குப் போய், சோணைமுத்துவிடம் மட்டும் சொல்லிப் பார்த்தாள். சோணைமுத்து சிவகங்கைப் பக்கத்துக்காரர். அட்டையில் சட்டையின் துண்டுகளை வரைந்து வெட்டிக் கொடுக்கிற பேட்டர்ன் மாஸ்டர். தலை முழுக்க நரைத்தவர். அவர் தாளைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்து வாசித்தார்.

"எனக்கும் இடிக்கத்தான் செய்யுது தாயி. ஆனா பேப்பர்ல இருக்கறத விட்டு நான் ஒரு நூல் தள்ளி வெட்டுனா, நாளைக்கு என்னையத்தான் கேப்பாக."

ஆக, பழைய பேட்டர்னிலேயே எட்டாயிரத்து நானூறு சட்டை தைத்து, அயர்ன் போட்டு, கவரில் போட்டு அடுக்கினார்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஒரு சட்டையை எடுத்துக் கழுத்தை இரண்டு கையாலும் இழுத்து டேப் வைத்தார். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் விரிய வேண்டிய கழுத்து நாற்பத்தைந்தோடு நின்றுவிட்டது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான். பத்தாவது சட்டைக்கு அப்புறம் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, ரிப்போர்ட்டில் ரிஜெக்ட் என்று எழுதினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, எச்.ஆரில் இருக்கிற சித்ராதேவி ஒரு தாளோடு விஜயராணியிடம் வந்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இரண்டு பேரும் பல வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க்கா, ஃபைலுக்குத்தான். பேட்டர்ன் ரூமுக்குப் போன ஷீட்டுல தயாரிச்சதுன்னு உங்க பேருதானுங்களே இருக்குது."

இங்கிலீஷில் அரைப் பக்கம் இருந்தது. 'பையர் சொன்னதை நான் தவறாகக் குறித்துக்கொண்டேன். மேலதிகாரியோடு கலந்துபேசவில்லை.' விஜயராணி ஒரு வரிகூட விடாமல் வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத யாரு அடிச்சது?"

"நாந்தானுங்க. சின்னவரு சொல்லச் சொல்ல அடிச்சேன். ஏனுங்க்கா?"

"அவரு சொன்னது முழுப் பொறுப்பையும் ஏத்துக்கிடுதேன்னு. நீ அடிச்சிருக்கது விலக்கி வைக்கேன்னு. எக்ஸெப்ட்டை ஏ-ல ஆரம்பிக்கணும், நீ ஈ-ல ஆரம்பிச்சிருக்க. இதுபடி பாத்தா, எனக்கு ஒரு பொறுப்பும் இல்லன்னு நானே எழுதிக் குடுத்தாப்ல ஆவுது."

சித்ராதேவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவள் கண் விரிந்தது. ரூமைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் கிட்டே வந்தாள்.

"அப்ப இன்னும் நல்லதுதானுங்களே! நான் மாத்தலீங்க. நீங்க பேசாம போட்டுருங்க. அவங்க ஒத்துக்கிட்டதாட்ட நினைச்சுக்குவாங்க. நாளைக்கு ஏதாச்சும் வம்புன்னு வந்தா, பாருங்க, நான் ஒத்துக்கவே இல்லைன்னு காட்டிரலாமுங்க. ரெண்டு பக்கமும் தப்பிச்சுக்கலாம்."

விஜயராணி ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். வாடகை வீடு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள், நிட்டிங் மெஷின் ஓட்டுகிற புருஷன் ராபினுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. எல்லாம் வந்து போயின. பிறகு பேனா ஸ்டாண்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். தப்பான வார்த்தையை வட்டம் போட்டு, மேலே சரியானதை எழுதினாள். இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்த கமாவையும் போட்டாள். தாளைச் சித்ராதேவியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தா, திருத்திட்டேன். இப்ப நீங்க நினைச்சதுதான் இதுல இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அக்கா!"

"எழுத்துப்பிழைக்குப் பின்னால போய் என்னை ஒளியச் சொல்லுதியா சித்ரா? எனக்கு அது வேண்டாம். நான் செய்யலன்னா செய்யலன்னு சரியான ஸ்பெல்லிங்லயே சொல்லுதேன்."

மத்தியானத்துக்குள் முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

சுப்பண்ணன் பெரிய மேஜைக்குப் பின்னால் கதர்ச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ரித்தீஷ் ஜன்னலோரம் நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜயராணி இரண்டு தாளோடு உள்ளே போனாள். ஒன்று அவள் ரித்தீஷுக்கு அனுப்பிய மெயில். மற்றது ரித்தீஷ் பேட்டர்ன் ரூமுக்கு அனுப்பியது. தேதியும் மணியும் இரண்டிலும் இருந்தன. அவற்றை மேஜைமேல் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"உக்காருங்க அம்முணி," என்றார் சுப்பண்ணன். "என்னமோ கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்களாமா?"

"போட மாட்டேன் மொதலாளி."

"எனக்கு இந்த இங்கிலீசெல்லாம் அரைகுறைங்க. என்னதான் நடந்துச்சு? எனக்கு வெளங்கறாப்ல சொல்லுங்க."

"ரெண்டு வார்த்தை மொதலாளி. சொன்னா ஒண்ணுபோலக் கேக்கும். ஒண்ணுல நடுவுல ஏ, இன்னொண்ணுல ஓ. ஒரு புள்ளையத் தத்து எடுக்கோம்னு வச்சுக்கோங்க. மூக்கு சப்பையா இருக்கு, கொஞ்சம் மாத்திக் குடுங்கன்னு கேப்போமா? இருக்கபடியேதான் தூக்கிட்டு வருவோம். அது ஓ போட்டது. அண்ணன் போட்ட சட்டையைத் தம்பிக்குப் போடணும்னா அப்படியே மாட்டிவிட முடியாது. பிரிச்சு, பிடிச்சு, அவன் உடம்புக்குத் தைக்கணும். அது ஏ போட்டது. டென்மார்க்கம்மா ஏ போட்டதச் சொன்னாவ. துணி மாறிருக்குன்னு அவியளுக்குத் தெரியும்லா? நான் ஏ போட்டுத்தான் எழுதினேன். இந்தா இருக்கு. அது பேட்டர்ன் ரூமுக்குப் போகையில ஓ ஆயிட்டு. இந்தா இருக்கு."

சுப்பண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு தாளையும் அருகருகே வைத்து, விரலால் அந்த எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அரைகுறை இங்கிலீஷுக்கும் ஏ என்றால் ஏதான், ஓ என்றால் ஓதான். நிமிர்ந்து மகனைப் பார்த்தார். ரித்தீஷ் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"செரி," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இங்க பாருங்க கண்ணு. நாளைக்கு இந்தத் தம்பிதான் கம்பெனியப் பாக்கப்போறவன். வந்த வருசமே பையர்கிட்ட அவன் பேரு கெட்டுதுன்னா அப்பறம் எந்திரிக்க முடியாதுங்க. நீங்க எழுதிக் குடுத்துருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு நானாச்சு."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னா, அவருக்கும் ஒண்ணும் ஆகாதுல்லா மொதலாளி? அவரே போடட்டுமே."

விஜயராணிக்கே தன் வாயிலிருந்து வந்த வார்த்தை கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வந்ததை விழுங்க அவளுக்கு மனமில்லை. மேலேயே போனாள்.

"பதினொரு வருசம் நான் பாத்து விட்ட துணி ஒண்ணாவது குறைன்னு திரும்பி வந்திருக்கா? கேட்டுப் பாருங்க. செஞ்ச தப்பை நான் மறைச்சதில்ல. கப்பலை லூஸ்னு எழுதினது நான்தான், எல்லாரும் சிரிச்சீங்க, வாங்கிக்கிட்டேன். இது நான் செய்யல. செய்யாததுக்குக் கையெழுத்துப் போட்டா, நாளையிலருந்து என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கு?"

"நீங்க போலாமுங்க," என்றான் ரித்தீஷ். அவன் பேசியது அது ஒன்றுதான்.

வெளியே வந்தவள் தன் மேஜைக்குப் போகவில்லை. நேராகப் பேட்டர்ன் ரூமுக்குப் போனாள். திட்டம் எதுவும் இல்லை. எட்டாயிரத்து நானூறு சட்டை சும்மா கிடக்கிறதே என்ற எரிச்சல்தான் இருந்தது. சோணைமுத்து அந்தச் சட்டையில் ஒன்றை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்தைப் பெருசா வெட்டலாமாண்ணே?"

"வெட்டுனா தோள்பட்டை கீழ எறங்கிரும் தாயி. உருப்படியா இருக்காது."

"அப்ப தோளையே தெறந்துட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடது தோள் தையலில் விரலை வைத்தார்கள். கைக்குழந்தைச் சட்டைக்கு இருப்பதுபோல, இடது தோளைப் பிரித்து, ஓரத்துக்குப் பட்டை கொடுத்து, இரண்டு டிச் பட்டன் அடித்துவிட்டால் தலை தாராளமாக நுழையும். சட்டையின் உருவமும் கெடாது.

"மாத்தறத மொதல்லயே மாத்தியிருந்தா ஒரு நாள் வேலை," என்றார் சோணைமுத்து, பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தபடி. "எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் இங்க. இதுக்காக அனுப்பிச்சுட்டாக்கூட ஊர்ப்பக்கம் போயி ஆடு மேய்ச்சுக்கிருவேன். ஆனா நான் வெட்டுன சட்டை ஒரு புள்ள தலையில மாட்டிக்கிட்டு நிக்கிதுங்கற பேச்சு எனக்கு ஆகாது."

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கீழே போயிருந்த அந்த அரைமணி நேரத்தில், சோணைமுத்து பிரித்துப் பட்டை வெட்ட, விஜயராணி மெஷினில் உட்கார்ந்து அதைத் தைத்தாள். கழுத்தை இழுத்து டேப் வைத்தார்கள். ஐம்பத்தாறு வந்தது.

மூன்று மணிக்கு ரித்தீஷ் கண்ணாடி ரூமில் கிர்ஸ்டனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். சுப்பண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விஜயராணியை யாரும் கூப்பிடவில்லை. அவள் கதவை இரண்டு தட்டு தட்டித் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவள் காதில் விழுந்த முதல் வாக்கியமே, எங்கள் ஜூனியர் ஒருத்தி குறிப்பெடுத்ததில் பிழை செய்துவிட்டாள் என்பதுதான்.

"குட் ஆஃப்டர்நூன், மேடம்," என்றாள் விஜயராணி, கேமராவுக்கு முன்னால் வந்து நின்று. ரித்தீஷ் முகம் வெளுத்தது.

அவள் இங்கிலீஷில்தான் பேசினாள். நாக்கில் சாத்தான்குளம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மேடம், அன்றைக்குப் பேட்டர்னை அடாப்ட் செய்யச் சொன்னீர்கள், அந்த வார்த்தையின் எழுத்தை இன்றைக்குச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

கிர்ஸ்டன் புரியாமல் பார்த்தாள். பிறகு நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஏ, டி, ஏ, பி, டி.

மூன்றாவது எழுத்தைக் கேட்டதும் சுப்பண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நாங்கள் ஓ என்று எடுத்துக்கொண்டோம், மேடம். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை," என்றாள் விஜயராணி. நாங்கள் என்றுதான் சொன்னாள். ரித்தீஷின் பேரைச் சொல்ல எத்தனையோ வார்த்தை அவளிடம் இருந்தது, சொல்லவில்லை. அவளுக்குத் தன் தலையில் வந்ததைத் தள்ளிவிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதை இன்னொருத்தன் தலையில் பையர் முன்னால் போட வேண்டும் என்று தோன்றவில்லை.

திரையில் கிர்ஸ்டன் நெற்றியில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அது தாய்மொழி இல்லையே, பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி எத்தனை தடவை சிவப்பு மையில் அடிக்கோடு வாங்கியிருக்கிறேன் என்றாள். ஒரு வரி மெயில் போட்டிருந்தால் நான் ஒன்றும் தப்பாக நினைத்திருக்க மாட்டேனே என்றும் சொன்னாள். ரித்தீஷ் தன் முன்னாலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தான்.

விஜயராணி தோள் திறந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள். பட்டனைப் போட்டாள், திறந்தாள், கழுத்தில் டேப் வைத்து எண்ணைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கிர்ஸ்டன் நிறையக் கேள்வி கேட்டாள். பட்டன் பிய்ந்து குழந்தை வாயில் போட்டுக்கொண்டால்? பிய்ந்து வராதபடி இழுத்துப் பார்க்கும் டெஸ்ட் வைத்து ரிப்போர்ட் அனுப்புகிறோம். தேதி? பத்து நாள் தள்ளும். பட்டை உறுத்துமா? அதே துணியின் உள்பக்கம்தான். கடைசியில் கிர்ஸ்டன், டெஸ்ட் தேறினால் ஏற்றுக்கொள்கிறேன் என்றாள்.

"எழுத்தில் அனுப்பிவிடுங்கள், மேடம்," என்றாள் விஜயராணி. "எங்களுக்கு அந்த வார்த்தையிலும் பிரச்சினை உண்டு."

டெஸ்ட் தேறியது. தையல் மெஷின் வரிசை இரண்டை ஒதுக்கி, எட்டாயிரத்து நானூறு தோளையும் பிரித்துத் தைத்தார்கள். சரக்கு பத்து நாள் தாமதமாகக் கப்பல் ஏறியது.

அதற்காக யாரும் விஜயராணிக்கு மாலை போடவில்லை. சுப்பண்ணன் படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "வாங்க அம்முணி" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார். ரித்தீஷ் அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினான். தன் பேரை அவள் சொல்லாமல் விட்டதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று சித்ராதேவி சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான்.

சரக்குப் போன மறு திங்கட்கிழமை, சித்ராதேவி வெறுங்கையோடு வந்து நின்றாள். முகத்தைப் பார்க்க முடியாமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, இன்னைக்கிருந்து உங்களைச் செக்கிங்குக்கு மாத்தியிருக்குதாமுங்க. சின்னவரு சொல்லிவிட்டாரு. சாமானெல்லாம் எடுத்துட்டுக் கீழ போகச் சொன்னாங்க."

விஜயராணி டைப் செய்வதை நிறுத்தவில்லை. "செக்கிங் எனக்கு ஒண்ணும் கேவலமில்ல சித்ரா. சோறு போட்ட மேஜை. ஆனா வாய்ல சொன்னா போக மாட்டேன். ஆர்டர் குடு."

"ஆர்டருங்களா?"

"ஆமா. மாத்துதோம்னு எழுது. என்ன காரணத்துக்கு மாத்துதோம்னு எழுது. இங்கிலீஷ்ல எழுது, தமிழ்ல எழுது, எதுல வேணும்னாலும் எழுது. யாரு மாத்துதாவளோ அவிய கையெழுத்து தாள்ல வேணும். வாங்கிட்டு வா, அந்த நிமிசமே எந்திரிச்சுப் போறேன். அதுவரைக்கும் இது என் நாற்காலி."

ரூமில் எல்லோர் கீபோர்டும் நின்றுவிட்டன. யாரும் சிரிக்கவில்லை.

சித்ராதேவி போனாள். அன்று முழுக்க வரவில்லை. மறுநாள் சாப்பிடும்போதுதான் நடந்ததைச் சொன்னாள். ஆர்டரை அடித்து, காரணம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, அப்பாவும் மகனும் இருந்தபோது கொண்டுபோய் வைத்தாளாம். ரித்தீஷ் பேனாவை எடுத்தானாம். சுப்பண்ணன் அந்தக் காலி இடத்தைக் காட்டி, "இதுல என்னத்தப்பா எழுதப்போற?" என்று கேட்டாராம். அவன் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, மூடி வைத்துவிட்டானாம்.

"தாளு இன்னும் என்ர டிராயர்லதானுங்க்கா கெடக்குது," என்றாள் சித்ராதேவி.

"கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, விஜயராணி அவள் பாக்ஸிலிருந்த பச்சைப்பயிறைத் தன் சோற்றில் போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, காலையில் ரித்தீஷ் அவள் மேஜையைத் தாண்டிப் போனவன் நின்றான். பல நாளுக்குப் பிறகு அவளைப் பார்த்துப் பேசினான்.

"இன்னும் இங்கதான் இருக்கறீங்களா?"

"ஆமா சார்," என்றாள் அவள், எழுந்திருக்காமல். "ஸ்வீடன் ஆர்டருக்கு லேபிள் வந்திருக்கு. துவைக்கிற சூடு தப்பாப் போட்டிருக்காவ. திருப்பி அனுப்புதேன். நீங்க ஒரு தடவை பாத்துட்டா இப்பவே போயிரும்."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு லேபிளைக் கையில் வாங்கிப் பார்க்க ஆரம்பித்தான்.